ஊர் வீட்டு வைஃபைக்கு அரை மணி நேரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பழைய செய்தியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2017 ஜூலை மாதக் கடைசி. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வைத்திருந்த நிறைய பேர் வீட்டில் திடீர்னு நெட் போச்சு. வழக்கமா எங்கேயாவது கேபிள் அறுந்தாலோ, எக்ஸ்சேஞ்சில் கோளாறு வந்தாலோதான் நெட் போகும். இந்தத் தடவை சிக்கல் வீட்டுக்குள்ள இருந்த மோடத்தில். ஒண்ணு ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்கான மோடம்கள். இன்டர்நெட் வழியா ஒரு மால்வேர் நுழைஞ்சு அதோட செட்டிங்ஸைக் கலைச்சுப் போட்டிருந்தது.

எப்படி நுழைஞ்சது? பூட்டை யாரும் உடைக்கலை. யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த மாடல் மோடம் எல்லாத்துக்கும் இருக்கிற ஒரே சாவி. அந்தச் சாவியை மாற்றாத மோடம்கள்தான் மாட்டின. வாடிக்கையாளர்களிடம் பிஎஸ்என்எல் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்: பாஸ்வேர்டை மாத்துங்க.

அதுக்கு முந்தின வருஷம், 2016 அக்டோபரில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரிப் பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்கலை. காரணம் 'மிராய்' என்ற மால்வேர். அது வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடிச்சு, தன் படையில் சேர்த்துக்கிட்டு, அவற்றை வைத்துத் தாக்கியது. மிராயிடம் இருந்த ஆயுதம் என்னன்னு கேட்டா சிரிப்பு வரும். 60-க்கும் கொஞ்சம் கூடுதலான யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் உள்ள ஒரு பட்டியல், அவ்வளவுதான். அட்மின் - அட்மின், ரூட் - 12345, இந்த ரகம். அதை எழுதினது இருபது, இருபத்தொரு வயசு இளைஞர்கள் மூணு பேர். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டாங்க.

இப்போ என் கேள்வி. உங்க சென்னை வீட்டை விடுங்க. ஊரில் அப்பா அம்மா இருக்கிற வீட்டில், டிவி ஸ்டாண்ட் மேல லைட் மினுக்கிக்கிட்டு இருக்கிற அந்த வைஃபை பாக்ஸின் அட்மின் பாஸ்வேர்டு என்ன? வைஃபை பாஸ்வேர்டு இல்லை, அது எல்லாருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். நான் கேட்கிறது பாக்ஸுக்குள்ள நுழையற பாஸ்வேர்டு. தெரியாதுன்னா, அது இன்னும் தொழிற்சாலை சாவிதான்னு வச்சுக்கலாம். ஏன்னா அந்த வீட்டில் அதை மாற்றப் போகிற ஆள் உங்களைத் தவிர வேற யாரும் இல்லை.

எங்க ஊர்ப் பக்கம்

எனக்கு ஊர் சிங்கவரம். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமம். குன்றைக் குடைஞ்ச குகைக்குள்ள ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிற பல்லவர் காலத்துக் கோயில் அங்கே இருக்கு. செஞ்சிக் கோட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்தப்போ, அதில் தமிழ்நாட்டிலிருந்து இருந்த ஒரே கோட்டை செஞ்சி.

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நெல், மணிலா போடற குடும்பம். பிள்ளைங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில். வீட்டுக்கு நெட் வந்ததே பேரப்பிள்ளையை வீடியோ காலில் பார்க்கத்தான். அப்புறம் ஸ்மார்ட் டிவி வந்தது. வாசலில் ஒரு கேமரா வந்தது. அப்பா போனில் யுபிஐ வந்தது. பிஎம் கிசான் பணம் 2,000 ரூபாய் விழுந்ததான்னு பார்க்கிறது போனில்தான். செஞ்சி கமிட்டியில் மூட்டை போட்டா பணம் வர்றது பேங்க் அக்கவுண்டில். வீட்டுச் செலவு, விதைநெல் செலவு எல்லாம் போன் வழியா நடக்குது. ஆனா அதுக்கெல்லாம் வாசலா இருக்கிற பாக்ஸை, மாட்டிவிட்டுப் போன கேபிள்கார அண்ணனுக்கு அப்புறம் யாரும் தொட்டுப் பார்க்கலை.

பெரிய கம்பெனியில் இதுக்குன்னு ஒரு ஐடி டிபார்ட்மென்ட் இருக்கும். ஊர் வீட்டுக்கு ஐடி டிபார்ட்மென்ட் நீங்கதான். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்க. அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்னு வரிசையா சொல்றேன்.

முதல் வேலை: பாக்ஸுக்குள்ள நுழையுங்க

அந்த பாக்ஸ் என்ன செய்யுதுன்னு ரெண்டு வரியில் பார்த்துடலாம். வெளியே இருக்கிற இன்டர்நெட்டுக்கு உங்க வீடு ஒரே ஒரு முகவரியாத்தான் தெரியும். வீட்டுக்குள்ள இருக்கிற போன், டிவி, கேமரா ஒவ்வொண்ணுக்கும் பாக்ஸ் தனித்தனியா உள் முகவரி கொடுக்கும். வெளியிலிருந்து கேட்காம வர்ற எதையும் சாதாரணமா அது உள்ளே விடாது. அதனால பாக்ஸ்தான் வாயில்காப்பான். அவனை வேறொருத்தன் கையில் போட்டுக்கிட்டா, உள்ளே இருக்கிற எல்லாரும் அவன் காட்டற வழியில்தான் போகணும். பேங்க் தளத்துக்குன்னு கிளம்பற போனை வேற எங்கேயோ திருப்பிவிடக்கூட முடியும்.

வீட்டு வைஃபையில் இணைஞ்சு, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடிச்சுப் பாருங்க. ரெண்டும் வரலைன்னா பாக்ஸைத் திருப்பினா அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் முகவரியும் யூசர்நேமும் போட்டிருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாத்தறது. வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் ஒண்ணா இருக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. பாக்ஸுக்குப் பின்னாடி ஊசி நுழையற அளவு ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட் பட்டன். உள்ளே போக முடியலைன்னு அதை அழுத்திடாதீங்க. ஃபைபர் பாக்ஸில் ரீசெட் பண்ணா, நெட் கம்பெனி போட்டுவச்ச கனெக்‌ஷன் விவரங்களும் அழியலாம். அப்புறம் பொங்கல் லீவு முழுக்க வீட்டில் நெட் இருக்காது, திட்டு உங்களுக்குத்தான். பாஸ்வேர்டு தெரியலைன்னா நெட் கம்பெனிக்கோ கேபிள்காரருக்கோ போன் பண்ணிக் கேளுங்க. எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ரெண்டாவது: வைஃபை பாஸ்வேர்டு மொபைல் நம்பரா?

ஊர் வீடுகளில் அதிகமாப் பார்க்கிறது இதுதான். வைஃபை பாஸ்வேர்டு, அப்பாவோட மொபைல் நம்பர். மறக்காது, வசதி. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம நாட்டு மொபைல் நம்பர் 10 இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இந்த நாலில் ஒண்ணு. அப்போ மொத்தம் சாத்தியமான நம்பர்கள் 400 கோடி. கேட்கப் பெரிசா இருக்கு. ஆனா வீட்டு வாசலில் நின்னு, ஒரு போன் வைஃபையில் இணையும்போது நடக்கிற கைகுலுக்கலை மட்டும் ஒருத்தர் பதிவு பண்ணிட்டா, அப்புறம் அவர் வீட்டில் உட்கார்ந்தே பாஸ்வேர்டை ஊகிக்கலாம். கேம் விளையாடற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குச் சுமார் 10 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். 400 கோடியை 10 லட்சத்தால் வகுத்தா 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த நம்பர் உங்க அப்பாவோடதுன்னு தெரிஞ்ச ஊர்க்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை.

பதிலா என்ன வைக்கலாம்? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தையை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்க. முறுக்கு, பம்புசெட், நாவல், திண்ணை, இந்த மாதிரி. இதையே வைக்காதீங்க, இதை இப்போ எல்லாரும் கேட்டுட்டாங்க. நீளம்தான் பலம். அம்மாவால சொல்ல முடியணும், டைப் பண்ண முடியணும். அதை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைங்க. பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமான்னு கேட்பீங்க. தாராளமா எழுதலாம். நாம பயப்படறது இன்டர்நெட்டில் இருக்கிற ஆளைப் பார்த்து. அவனால உங்க பீரோவைத் திறக்க முடியாது.

அதே பக்கத்தில் பாதுகாப்பு வகைன்னு ஒண்ணு கேட்கும். டபிள்யூபிஏ3 இருந்தா அது, இல்லைன்னா டபிள்யூபிஏ2. டபிள்யூஇபின்னு இருந்தா அது காலாவதியான பூட்டு, உடனே மாத்துங்க. டபிள்யூபிஎஸ்ஸை அணைச்சிடுங்க. ஒரு பட்டனிலோ எட்டு இலக்க எண்ணிலோ இணையற வசதி அது. அந்த எட்டு இலக்கத்தை ஊகிக்கிறது பாஸ்வேர்டை ஊகிக்கிறதைவிட ரொம்ப சுலபம்னு 2011-லேயே தெரிஞ்சுபோச்சு.

'ரிமோட் மேனேஜ்மென்ட்' இருந்தா அதையும் அணைங்க. வீட்டுக்கு வெளியிலிருந்து பாக்ஸுக்குள்ள வர்ற வழி அது. யுபிஎன்பியும் அப்படித்தான். உள்ளே இருக்கிற கருவி எதுவும் உங்களைக் கேட்காமலே வெளியே கதவு திறந்துக்கலாம்னு அனுமதி கொடுக்கிற வசதி. வீட்டில் யாரும் ஆன்லைன் கேம் விளையாடலைன்னா அது பெரும்பாலும் தேவைப்படாது. கடைசியா, சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. நெட் கம்பெனி கொடுத்த பாக்ஸ்னா அவங்களே தூரத்திலிருந்து அப்டேட் பண்ணுவாங்க. ரொம்பப் பழைய பாக்ஸா இருந்தா மாத்திக் கேளுங்க.

இன்னொரு சின்ன வேலை. பாக்ஸ் எங்கே இருக்குன்னு பாருங்க. பரணில், இரும்பு பீரோவுக்குப் பின்னாடி, மீன் தொட்டி பக்கத்தில் இருந்தா சிக்னல் வராது. இரும்பும் தண்ணியும் சிக்னலைத் தின்னுடும். வீட்டுக்கு நடுவில், தலை உயரத்தில் வைங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனா சுவரைத் தாண்டாது. கனமான சுவர் இருக்கிற பழைய வீட்டுக்கு 2.4 தான் எட்டும். கரண்ட் அடிக்கடி போற ஊர்னா ரவுட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் கிடைக்குது. வாங்கும்போது பாக்ஸ் அடாப்டரில் போட்டிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துதான்னு பாருங்க. நெட் சரியா வரலைன்னா யாராவது வந்து ரீசெட் பண்ணுவாங்க. அப்போ நீங்க போட்ட பூட்டெல்லாம் போய் மறுபடி 'அட்மின் - அட்மின்' வந்து உட்கார்ந்துக்கும். அதனால இதுவும் பாதுகாப்பு வேலைதான். யார் வந்து பாக்ஸைத் தொட்டாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு வீட்டில் சொல்லி வைங்க.

மூணாவது: அந்த கேமரா

2025 பிப்ரவரியில் குஜராத்தில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியே வந்தது. பெண்களை டாக்டர் பரிசோதிக்கிற அறையின் காட்சிகள். அதைக் காசுக்கு வித்திருக்காங்க. நோயாளிகளுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறதே தெரியாது. அந்த கேமரா அமைப்பின் பாஸ்வேர்டு 'அட்மின்123'ன்னு பின்னாடி செய்தி வந்தது.

இதை நான் சொல்லக் காரணம் இருக்கு. நம்ம வீடுகளில் கேமரா மாட்டறது அப்பா அம்மாவுக்குப் பாதுகாப்புன்னுதான். தனியா இருக்காங்க, கீழே விழுந்தா தெரியணும்னு ஹாலில் ஒண்ணு, சமையலறையில் ஒண்ணுன்னு மாட்டறோம். அந்தப் படத்தைப் பார்க்கிற ஆள் நாம மட்டும்தானா என்கிறது அந்தப் பாஸ்வேர்டில்தான் இருக்கு.

மாட்டிவிட்ட கடைக்காரர் பெரும்பாலும் தனக்குப் பழக்கமான ஒரு பாஸ்வேர்டைப் போட்டிருப்பார். அதே பாஸ்வேர்டு அவர் மாட்டின எல்லா வீட்டிலும் இருக்கலாம். அதை மாத்துங்க. போனில் பார்க்கிறதுக்காக ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்திருந்தா எடுத்துடுங்க. அது இன்டர்நெட்டிலிருந்து நேரா கேமராவுக்குப் போட்ட ரோடு. கேமரா கம்பெனியின் ஆப் வழியா பாருங்க, அந்த ஆப் கணக்குக்கு ரெண்டு கட்ட சரிபார்ப்பு போடுங்க. படுக்கை அறை, உடை மாத்தற இடம் தெரியற மாதிரி கேமராவே வேண்டாம். அம்மாவைக் கேட்காம எங்கேயும் மாட்டாதீங்க. 2025 ஏப்ரலிலிருந்து நம்ம நாட்டில் விற்கிற சிசிடிவிக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் ஆகியிருக்கு. புதுசா வாங்கறவங்க அந்தச் சான்று இருக்கான்னு கேட்டு வாங்குங்க. ஆனா சான்று இருக்கிற கேமராவிலும் பாஸ்வேர்டு வைக்கிறது நாமதான்.

பாக்ஸில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தா கேமரா, ஸ்மார்ட் டிவி, விருந்தாளிகள் எல்லாம் அதில் போகட்டும். பேங்க் ஆப் இருக்கிற போன்கள் மட்டும் முதல் வைஃபையில். கேமராவில் யாராவது நுழைஞ்சாலும் அங்கிருந்து போனுக்குத் தாவ முடியாது. செஞ்சிக் கோட்டையைச் சுத்திப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் சேர்த்து ஒரு பெரிய மதில். அதுக்குள்ள இன்னொரு உள்கோட்டை. ராஜகிரி உச்சிக்குப் போகும் முன்னாடி பாறையில் ஒரு பெரிய பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா அந்தப் பக்கம் போக முடியாது. முதல் மதில் விழுந்தாலும் எல்லாம் போயிடக்கூடாதுன்னு கட்டினது. 1690-இல் முற்றுகை போட்ட முகலாயப் படைக்கு அதைப் பிடிக்க 1698 வரைக்கும் ஆச்சு.

நாலாவது: மதிலைத் தாண்டி வெளியே கூப்பிடறவங்க

இதுவரைக்கும் சொன்னது மதில் வேலை. இப்போ சொல்லப் போறது மதிலால தடுக்க முடியாத விஷயம்.

அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருது. தெரிஞ்சவர் நம்பரிலிருந்தே வரும், ஏன்னா அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். கூடவே ஒரு ஃபைல். பெயர் 'பிஎம் கிசான்'னு இருக்கும், அல்லது 'கல்யாணப் பத்திரிகை', அல்லது 'டிராஃபிக் ஃபைன்'. முடிவில் 'ஏபிகே'ன்னு இருக்கும். பத்திரிகைன்னா படமா வரணும், பிடிஎஃப்பா வரணும். ஏபிகேன்னா அது ஒரு ஆப். அதை இன்ஸ்டால் பண்ணா, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்த நிமிஷத்திலிருந்து அப்பாவுக்கு வர்ற ஒவ்வொரு ஓடிபியும் வேற எங்கேயோ இருக்கிற ஒருத்தருக்குப் போகும். இதில் ரவுட்டர் ஒண்ணும் செய்ய முடியாது. கதவை உள்ளேயிருந்து திறந்தது நம்ம ஆள்.

இன்னொரு வகை, 'டிஜிட்டல் அரெஸ்ட்'. போலீஸ் உடையில் வீடியோ காலில் வருவாங்க. உங்க ஆதாரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, போனை வைக்காதீங்க, யாரிடமும் பேசாதீங்க, பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்துங்கம்பாங்க. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரிச்சார். நம்ம சட்டத்தில் வீடியோ கால் கைதுன்னு ஒண்ணு கிடையாது.

எங்க ஊரில் தேசிங்கு ராஜா கதை தெரியாதவங்க இல்லை. 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரிய படை வந்தப்போ, சின்னஞ்சிறு படையோட கோட்டையை விட்டு வெளியே வந்து போரிட்டு இறந்தார். கிளம்பும் முன்னாடி சிங்கவரத்து ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டார், சாமி போக வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு எங்க ஊரில் சொல்வாங்க. தேசிங்கு எங்களுக்கு வீரன், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. நான் எடுத்துக்கிறது ஒண்ணை மட்டும்தான். எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கின மதில் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தது. அவர் இருந்தது அதுக்கு வெளியே.

மோசடிக்காரர்கள் செய்யறதும் அதுதான். பயம், மானம், அவசரம், ஆசை, இதில் ஏதாவது ஒண்ணைக் காட்டி ஆளை வெளியே வரவழைப்பாங்க. யாரிடமும் பேசாதேன்னு அவங்க சொல்றது சும்மா இல்லை. போக வேண்டாம்னு சொல்ல ஒருத்தர் பக்கத்தில் இருந்தா அவங்க வேலை கெட்டுப்போகும்.

அதனால வீட்டில் ஒரு விதி போடுங்க. பணம், ஓடிபி, புது ஆப், இந்த மூணில் எதை யார் கேட்டாலும், செய்யறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு ஒரு போன். கேட்கிறது பேங்க் மேனேஜரா இருந்தாலும் சரி, போலீஸா இருந்தாலும் சரி.

இந்த விதியில் உங்க பங்கும் இருக்கு, அதுதான் கஷ்டமான பங்கு. போன் வந்தா எடுக்கணும். மீட்டிங்கில் இருந்தாலும் "அம்மா, அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடறேன், அதுவரைக்கும் எதையும் அழுத்தாதே"ன்னு சொல்லணும். அப்புறம், திட்டக்கூடாது. "எத்தனை தடவைப்பா சொல்றது"ன்னு ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா, அடுத்த தடவை அப்பா உங்களிடம் சொல்ல மாட்டார். பணம் போனா கூட மறைப்பார். ரெண்டு நாள் கழிச்சு அக்கா மூலமா உங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டு நாளில் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

பணம் போயிடுச்சுன்னா

உடனே 1930-க்கு போன். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் எடுக்கப்படாம இருந்தா, முடக்கச் சொல்லி பேங்குக்குத் தகவல் போகும். பணம் போன நேரம், தொகை, யுடிஆர் எண், மூணும் கையில் இருக்கட்டும். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கூடவே உங்க பேங்குக்கும் சொல்லணும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, நம்ம கவனக்குறைவால் போன பணத்துக்குக்கூட, பேங்குக்குச் சொன்ன நேரத்துக்குப் பிறகு நடக்கிற இழப்பு பேங்கோட பொறுப்பு. சொல்றதுக்கு முன்னாடி போனது நம்ம பொறுப்பு. அதனால ஒவ்வொரு நிமிஷமும் கணக்குதான். ஏபிகே போட்ட போன்னா முதலில் நெட்டை அணைச்சு, பேங்க் பாஸ்வேர்டுகளை வேற போனிலிருந்து மாத்துங்க.

முன்கூட்டியே செய்ய வேண்டியது நாலு விஷயம். அப்பா போன் செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' அனுமதி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் இருக்கான்னு பார்த்து எடுத்துடுங்க. ரெண்டாவது, யுபிஐயைச் சேமிப்புப் பணம் இருக்கிற கணக்கோட சேர்க்காதீங்க. சின்னதா இன்னொரு கணக்கு, அதில் மாசச் செலவுக்கு மட்டும் பணம். மூணாவது, வாட்ஸ்அப்பில் ரெண்டு கட்ட சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் போடுங்க. நாலாவது, யுபிஐ பின் நம்பர் பணம் வாங்க ஒருநாளும் தேவையில்லைன்னு அம்மாவுக்குப் புரியற வரைக்கும் சொல்லுங்க. ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் இருக்கு. ஆனா பூட்டிட்டா ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது சிக்கல் வரலாம், திறக்கத் தெரிஞ்சவங்க வீட்டில் இருந்தா மட்டும் செய்யுங்க.

அவ்வளவுதான். அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, கேமரா பாஸ்வேர்டு, மூணும் புதுசு. அணைக்க வேண்டியதை அணைச்சாச்சு. போனில் நாலு செட்டிங்ஸ். பீரோ கதவில் 1930-ம் உங்க நம்பரும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டின ஒரு தாள். அரை மணி நேரம் சொன்னேன், முக்கால் மணி ஆகலாம், நடுவில் டீ வரும்.

இந்த எபிசோடை உங்க ஊர் ஃபிரெண்ட்ஸ் குரூப்பில் போடுங்க. தெருவுக்கு ஒருத்தர் இந்த வேலையைப் பழகிட்டா, பிள்ளைங்க வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்கும் அவரே போய்ப் பார்த்துடலாம். கேள்விகள் இருந்தா எழுதுங்க, பாக்ஸோட மாடல் பெயரையும் சேர்த்து எழுதுங்க. பாஸ்வேர்டை மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.